வில்லாளிக்குக் கோட்டா கொடுத்தது யார்? ‘தகுதி’ பேசும் கேமர் தம்பிகளுக்கு

போன மாதம் இராமநாதபுரத்தில் ஒரு மாணவர் கூட்டம். இடஒதுக்கீடு பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தார். பொறியியல் இரண்டாம் ஆண்டு. கோபமெல்லாம் இல்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்டார்.

“அக்கா, நான் கேம்ல ஆர்ச்சர் கிளாஸ் ஆடுறேன். ராத்திரி பகலா ஆடி லெவல் அறுபதுக்கு வந்திருக்கேன். அங்க யாரும் என்கிட்ட சாதிச் சான்றிதழ் கேக்கல. ஆர்ச்சருக்குன்னு கோட்டா கிடையாது. திறமை இருந்தா மேல வரலாம், இல்லன்னா சாக வேண்டியதுதான். நாடும் அப்படி இருந்தா என்னக்கா தப்பு?”

கூட்டத்தில் கைதட்டல். நம் விடுதிப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து தட்டினார்கள். கேள்வி கேட்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நம் பிள்ளைகள் தட்டியதுதான் வீடு வந்து சேரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது. விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு என்று அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சோம்பேறித்தனமான பதில். அந்தத் தம்பி ஆடும் விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் உண்மை.

பிறகு உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். இப்போது சொல்கிறேன். தம்பி, உங்கள் விளையாட்டை வைத்தே பேசுவோம். நீங்கள் கூட்டி வந்த சாட்சி உங்கள் பக்கம் பேசவில்லை.

உயிர் குறைவு, அதனால் தூரம்

எனக்குச் சொல்லிக்கொடுத்தவன், பெரியபட்டினத்தில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வரும் ஒரு பிளஸ் ஒன் மாணவன். அப்பா சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடும் கூலி. அம்மாவுக்கு நூறு நாள் வேலை. திரையில் விரிசல் விழுந்த பழைய போனில் அவனும் ஆர்ச்சர்தான் ஆடுகிறான். மூன்று வாரம், படிப்பு முடிந்ததும் அரைமணி நேரம், அவன் வாத்தியார், நான் மாணவி.

முதல் பாடமே இதுதான். “ஆர்ச்சருக்கு உசுரு கம்மிக்கா. கத்திக்காரன் கிட்ட வந்துட்டா ரெண்டே வெட்டு, காலி. எட்ட நின்னுதான் அடிக்கணும். அதுக்குத்தான் ரேஞ்ச் குடுத்துருக்கான்.”

அதுக்குத்தான் குடுத்துருக்கான். யார் கொடுத்தான்? விளையாட்டைச் செய்தவன். ஏன் கொடுத்தான்? கவசமும் உயிரும் அதிகமுள்ள போர்வீரனும், உயிர் குறைந்த வில்லாளியும் ஒரே களத்தில் நிற்க வேண்டும் என்றால், வில்லாளிக்கு வேறொன்று கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆட்டம் ஆட்டமாக இருக்காது. ஒரு வகுப்பு தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தால், அடுத்த பேட்சில் அதன் டேமேஜை ஏற்றுகிறார்கள், இல்லை அடுத்த வகுப்பின் பலத்தைக் குறைக்கிறார்கள். இதற்குப் பெயர் பேலன்ஸ். ஆடுகிறவர்களே இதைக் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். ‘ஆர்ச்சர் ஆடுறவனுக்குத் தகுதி இல்லை’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ‘கேம் சரியில்லை, சரி பண்ணு’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, கோட்டா இல்லாத இடம் என்று நீங்கள் காட்டிய இடத்தில்தான் தம்பி, விதி எழுதும்போதே கோட்டா எழுதியிருக்கிறார்கள். லெவல் அறுபது வரை அதை வாங்கிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். அது உங்கள் உழைப்பைக் குறைத்துவிட்டதா? இல்லையே. உங்கள் உழைப்புக்குப் பலன் கிடைக்கும்படி செய்தது.

தமிழ்நாடு இந்த பேட்சை முன்பே போட்டது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் முதல் வகுப்புவாரி ஆணை வந்தது. வகுப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள், உங்கள் கிளாஸும் அதுதான். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்படும் என்று வழக்குப் போட்டவர், அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்து, 15(4) சேர்ந்தது. ஆட்டம் சரியில்லை என்று சொல்லி விதியைத் திருத்த வைத்த மக்கள் நாம்.

இன்னொன்றும் அந்த மாணவனிடம் கற்றேன். காசு கட்டி நல்ல ஆயுதம் வாங்கி மேலே போவதை ‘பே டு வின்’ என்று கேமர்கள் காறித் துப்புகிறார்கள். நியாயம்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சங்கள் கட்டி வாங்கும் இடத்துக்கு என்ன பெயர்? அங்கே தகுதி என்று யாரும் மைக் பிடித்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. 2019இல் 103ஆவது திருத்தம் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை வெளியே நிறுத்திவிட்டு, மற்ற ஏழைகளுக்கு மட்டும் 10 விழுக்காடு. தகுதி அன்று எந்த ஊருக்குப் போயிருந்தது?

வாத்தியார் மறுக்காத ஊர்

இப்போது இரண்டு கேம்களைப் பார்ப்போம்.

தென் கொரியாவிலிருந்து 2002இல் வந்த ராக்னராக் ஆன்லைன். நுழைகிற எல்லாருமே நோவிஸ்தான். கத்தி வேண்டுமா, வில் வேண்டுமா என்பதெல்லாம் பிறகு. ஆர்ச்சர் ஆக வேண்டும் என்றால் பயோன் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கே வில்லாளிகளின் சங்கம் கேட்பது வில் செய்ய மரத்துண்டுகள். கொண்டு வந்து கொடுத்தால் நீங்கள் ஆர்ச்சர். அப்பா பெயர் கேட்பதில்லை.

2011இல் வெளியான ஸ்கைரிம். அதில் பிறப்பு உண்டு. பெரும்பாலான இனங்களுக்கு வில்வித்தை 15இல் தொடங்குகிறது, வுட் எல்ஃப் ஆகப் பிறந்தால் 25இல் தொடங்குகிறது. ஆனால் உச்சம் எல்லாருக்கும் 100தான். அம்பு விட விட எண் ஏறும். ரிவர்வுட் என்ற சிற்றூரில் ஃபேண்டல் என்று ஒரு வில்லாளி இருக்கிறார். அவரே வுட் எல்ஃப். ஓர்க் போய்க் கேட்டாலும் கூலி வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பார். நீ என் இனமில்லை, போ என்று சொல்லும் வசனமே அவருக்கு எழுதப்படவில்லை.

நம் ஊர்க் கதையில் அந்த வசனம் எழுதப்பட்டிருக்கிறது. மகாபாரதத்தின் ஆதிபர்வம். நிஷாதர் தலைவன் இரணியதனுசுவின் மகன் ஏகலைவன் வில் கற்க வருகிறான். துரோணர் மறுக்கிறார். காரணம் அவன் நிஷாதன். அவன் காட்டுக்குப் போய், மண்ணால் ஓர் உருவம் செய்து வைத்து, தானே பழகுகிறான். விட விட ஏறுகிறது. ஒருநாள் பாண்டவர்களின் நாய் அவனைப் பார்த்துக் குரைக்க, அது வாயை மூடுவதற்குள் ஏழு அம்புகளை அதன் வாய்க்குள் விடுகிறான். அர்ஜுனன் பார்க்கிறான், முகம் வாடுகிறான், ‘உன்னைவிடச் சிறந்த மாணவன் எனக்கு இருக்க மாட்டான் என்றீர்களே’ என்று குருவிடம் போய் நிற்கிறான். குரு வருகிறார். சொல்லிக்கொடுக்காத பாடத்துக்குத் தட்சணை கேட்கிறார். வலது கட்டைவிரல்.

இதைக் குருபக்திக் கதை என்று எத்தனை மேடையில் கேட்டிருப்போம்! பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு கேமராகப் படித்துப் பாருங்கள். ஏகலைவனுக்குத் தகுதி இல்லையா? தேர்வு முடிந்துவிட்டது, அவன் அர்ஜுனனை மிஞ்சிவிட்டான். விரல் போனது அதற்குப் பிறகு. தகுதி இருந்ததால் போனது. மீதி விரல்களால் அவன் அம்பு விட்டான், ஆனால் பழைய வேகம் வரவில்லை என்று அந்தக் கதையே சொல்கிறது. இன்றைய ஒலிம்பிக் வில்லாளிகள் நாணை மூன்று விரல்களால் இழுக்கிறார்கள், கட்டைவிரல் நாணைத் தொடுவதில்லை. ஆசியாவின் பல பழைய வில்மரபுகளில் நாண் கட்டைவிரலில்தான் மாட்டும். எதை எடுத்தால் எது போகும் என்று தெரிந்து கேட்டவர் அந்த ஆசிரியர்.

விரலை எடுத்த பிறகு போட்டி வைத்து, அர்ஜுனன்தான் முதலிடம் என்று அறிவிப்பதற்கு நம் நாட்டில் வைத்த பெயர்தான் தகுதி.

நம் மாவட்டத்தின் விதிப்புத்தகம்

புராணம்தானே என்று ஒதுக்குகிறவர்களுக்கு, நம் மண்ணுக்கே வருகிறேன்.

ஒருநாள் அந்த மாணவன் கேமில் ஒரு கவசத்தைத் தொட்டான். கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. ‘இந்த கிளாஸ் இதை அணிய முடியாது.’ அதைப் பார்த்ததும், சமூகவியல் முதுகலை படித்தபோது வாசித்த ஒரு பட்டியல் என் கண்முன் வந்து நின்றது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச். ஹட்டன் பதிவு செய்துவைத்த பட்டியல்.

1930 டிசம்பர். அன்றைய இராமநாதபுரம் மாவட்டம். இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளும் சேர்ந்தது. ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி என்று எதனாலும் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

மக்கள் கீழ்ப்படியவில்லை. குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று, பிள்ளைகள் படிக்கக் கூடாது, எழுத்தறிவு பெறக் கூடாது. இன்னொன்று, பிள்ளைகள் மிராசுதாரர்களின் மாடுகளை மட்டும் மேய்க்க வேண்டும்.

எந்த கிளாஸ் எதை அணியலாம், எந்தத் திறனை வளர்க்கலாம் என்பதற்கு எழுதி அறிவிக்கப்பட்ட விதிப்புத்தகம் இது. எழுதப்பட்டு நூறு வருடம்கூட ஆகவில்லை. எனக்குக் கேம் சொல்லிக்கொடுத்த மாணவனின் கொள்ளுத்தாத்தா அப்போது மாடு மேய்க்கும் வயதுப் பையனாக இருந்திருப்பார். விட விட ஏறும் என்பதுதானே கேமின் விதி? வில்லைத் தொடவே விடாமல் லெவல் ஒன்றில் பூட்டி வைக்கப்பட்ட குடும்பத்தின் நான்காவது தலைமுறைப் பையனை, லெவல் நாற்பதில் பிறந்தவரோடு நிறுத்தி, ‘கோட்டா இல்லாம ஆடிப் பாரு’ என்கிறோம்.

பூட்டை உடைத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். இம்மானுவேல் சேகரன் இராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர். நாட்டுக்காக ஆயுதம் ஏந்தலாம், ஊருக்குள் நிமிர்ந்து உட்காரக் கூடாது என்ற நிலையை ஏற்க மறுத்தவர். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். வயது 32. அவருடைய நினைவு நாளில், 2011 செப்டம்பர் 11 அன்று, அதே பரமக்குடியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தலித்துகள் செத்துப்போனார்கள். எட்ட நின்று அடிக்கும் ஆயுதம் இங்கே எப்போதும் யார் கையில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

குருவுக்கு விருது, சீடனுக்குப் பள்ளி

விதிப்புத்தகம் இன்று சுவரில் ஒட்டப்படுவதில்லை. பெயர் வைப்பதில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. சிறந்த விளையாட்டு வீரருக்கு ஒன்றிய அரசு கொடுப்பது அர்ஜுனா விருது, 1961 முதல். சிறந்த பயிற்சியாளருக்குத் துரோணாச்சாரியார் விருது, 1985 முதல். மாணவனைப் பிறப்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பி, அவன் தானாகக் கற்றதையும் பறித்தவர்தான் பயிற்சியாளருக்கு இலக்கணமாம். சரி, ஏகலைவன் பெயரில் ஒன்றுமில்லையா? உண்டு. ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகள், 1997-98 முதல். விரல் கொடுத்தவன் பெயரை யாருடைய பிள்ளைகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

லிம்பா ராம் என்றொரு வில்லாளி. ராஜஸ்தானின் உதய்பூர்ப் பகுதி ஆதிவாசி. மூங்கில் வில்லோடு வளர்ந்தவர். ஆதிவாசிப் பகுதிகளில் வில்லாளிகளைத் தேடி இந்திய விளையாட்டு ஆணையம் 1987இல் நடத்திய தேர்வில் கண்டெடுக்கப்பட்டார். மறு வருடமே சியோல் ஒலிம்பிக். பிறகு பார்சிலோனா, அட்லாண்டா. வித்தை அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. கதவு திறந்தது 1987இல். திறந்த மறு வருடமே ஒலிம்பிக் போக முடிந்தது என்றால், அதுவரை இல்லாதிருந்தது தகுதியா, கதவா? 1991இல் அவருக்கு விருது கொடுத்தார்கள். ஏகலைவனின் வழியில் வந்தவருக்குக் கொடுத்த விருதின் பெயர், அர்ஜுனா.

கேமில் சாதி இல்லையா?

நம் இயக்கத்தின் மூத்த தோழர்கள் சிலர் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். ‘கேமே ஏகாதிபத்தியக் குப்பை, பிள்ளைகளை அதிலிருந்து மீட்காமல் நீயும் உட்கார்ந்து ஆடுகிறாயே’ என்று. கேம் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. கிளாஸ், லெவல் என்ற இந்த முறைக்கெல்லாம் மூலம், அமெரிக்காவில் 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பிறந்த இனத்தை வைத்தே பலமும் அறிவும் குணமும் தீர்மானிக்கும் பழக்கத்தைப் பரப்பியதும் அதுதான். ஓர்க் என்றால் பிறவிக் கொடியவன். நமக்குப் பழக்கமான வாசனைதான்.

ஆனால் கேள்வி கேட்டார்கள், மாறியது. இப்படிச் சில இனங்களைப் பிறவிக் கெட்டவர்களாகச் சித்திரித்தது நிஜ உலகின் இனவெறியை ஒத்திருந்தது என்று 2020இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022இல் ‘ரேஸ்’ என்ற சொல்லைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024 விதிநூலில், பிறப்புக்குக் கொடுத்துவந்த கூடுதல் புள்ளிகளை ஒருவர் வளர்ந்த பின்னணிக்கு மாற்றிவிட்டார்கள். ஐம்பது வருட விதியைத் திருத்தினார்கள், விளையாட்டு அழிந்துவிடவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1936இல், சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிறது என்று விளக்கினார். ஒரு கேம் குழுவில் அடி தாங்குகிறவர், மருந்து போடுகிறவர், எட்ட நின்று அடிக்கும் ஆர்ச்சர் எல்லாரும் வேண்டும். அது வேலைப் பிரிவினை. பிடிக்காவிட்டால் வேறு கிளாஸ் எடுக்கலாம். மருந்து போடுகிறவர் ஆர்ச்சருக்குப் பக்கத்தில் நின்றால் தீட்டாவதில்லை. இந்த வேறுபாட்டை ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு விளக்க எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. அவன் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறான். தோழர்களே, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போவோம்.

கட்டைவிரல்

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அவன் போனை எடுக்கவே இல்லை. வலது கட்டைவிரல் வீங்கிப்போய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கருவேலம் வெட்டப் போனவனுக்கு முள் ஆழமாக ஏறிவிட்டது. பேனா பிடிக்க முடியவில்லை. கேமும் ஆட முடியவில்லை. போனில் வில் இழுப்பது கட்டைவிரல்தானே. நான்கு நாள் போயிற்று. கூட ஆடும் பையன்கள் முந்திவிட்டார்கள். வியாழக்கிழமை வகுப்புத் தேர்வு. மதிப்பெண் குறைந்தது.

விரலை யாரும் கேட்கவில்லை. துரோணர் யாரும் வரவில்லை. ஒரு நாள் கூலி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாளைக்கு அந்த மதிப்பெண்ணை வைத்து ஒருவர் மைக் பிடித்துத் தகுதி பேசுவார்.

அன்று கைதட்டிய நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது கேமை வைத்துத் தகுதி பேசினால் தட்டாதீர்கள், மூன்று கேள்வி கேளுங்கள். உன் ஆட்டத்தில் எல்லாரும் எந்த லெவலில் தொடங்குகிறார்கள்? உன் ஆட்டத்தில் சொல்லிக்கொடுக்க மறுக்கும் வாத்தியார் உண்டா? ஒரு கிளாஸ் தோற்றுக்கொண்டே இருந்தால் உன் ஆட்டம் யாரைத் திருத்துகிறது, ஆடுகிறவனையா, விதியையா? பதிலை அவர்களையே சொல்லவிடுங்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பதில்தான்.

கேள்வி கேட்ட பொறியியல் தம்பிக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்தால் ஒரு சனிக்கிழமை மாலை பெரியபட்டினம் வாருங்கள். விரல் ஆறிவிட்டது, மறுபடி ஆடத் தொடங்கிவிட்டான். நீங்கள் லெவல் அறுபது என்று சொல்லியிருக்கிறேன். “வரச் சொல்லுங்கக்கா, நானும் கத்துக்குவேன்” என்கிறான். அவனுக்குக் கணக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.